கப்பல் ஏறாத மேசை

எங்கள் மேசை மூன்று துண்டாகக் கழலும். மேல்பலகை ஒன்று, அதைத் தாங்க, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு இழுப்பறைப் பெட்டிகள். இணைப்பதற்கு ஆணி கிடையாது, ஸ்க்ரூவும் கிடையாது. பெட்டிகளின் தலையில் சிறு கட்டைகள் துருத்திக்கொண்டிருக்கும். மேல்பலகையின் அடியில் அவற்றுக்கேற்ற குழிகள் வெட்டியிருக்கும். நாலு பேர் சேர்ந்து தூக்கி, கொஞ்சம் முன்னே கொஞ்சம் பின்னே என்று சரிபார்த்து இறக்கினால் 'டொக்'கென்று உட்கார்ந்துகொள்ளும். பிறகு யானை வந்து முட்டினால்தான் நகரும் என்பார் அப்பா. போர்ட் பிளேயரில் வளர்ந்த பிள்ளைகளுக்கு அது வெறும் பேச்சல்ல. காட்டில் மரம் இழுக்கும் யானைகளை நாங்கள் பார்த்தவர்கள். (ஊருக்கு 2024இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றிவிட்டார்கள். என் வாயில் வருவது போர்ட் பிளேயர்தான்.)

மேசையின் வடிவம் இங்கிலாந்துக்காரர்களுடையது. நடுவில் கால் நீட்ட இடம், இருபுறமும் அடுக்கடுக்காக இழுப்பறைகள், மேலே தோல் ஒட்டிய எழுதுபரப்பு. தாமஸ் சிப்பண்டேல் 1754இல் லண்டனில் வெளியிட்ட வடிவமைப்புப் புத்தகத்தில் இந்த வகை நூலக மேசைகளின் படங்கள் இருக்கின்றன. ஒடுக்கமான வாசலிலும் வளைந்த மாடிப்படியிலும் ஏற்ற வேண்டுமென்றால் மேசை கழல வேண்டும். கழன்றது தெரியவும் கூடாது. இந்த இரண்டையும் ஒரே வேலையில் முடித்திருப்பதுதான் அந்தத் தச்சர்களின் கெட்டிக்காரத்தனம்.

அவர்கள் இதற்கு எடுத்துக்கொண்ட மரம் மகாகனி. 1721இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் அமெரிக்கக் குடியேற்றங்களிலிருந்து வரும் மரத்துக்கான சுங்கவரியை நீக்கியது. அதோடு ஜமைக்காவின் மகாகனி லண்டன் துறைமுகத்தில் வந்து குவிந்தது. பெரிய அகலத்தில் பலகை கிடைக்கும், காய்ந்த பிறகு கோணாது, உளிக்குப் பணியும், மெருகேற்றினால் செம்பழுப்பில் ஆழம் தெரியும். தச்சனுக்கு வேறென்ன வேண்டும்? வெட்டியவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்து வரப்பட்ட அடிமைகள். ஜமைக்காவில் நல்ல மரம் தீர்ந்ததும் கியூபா, ஹோண்டுராஸ் கரை என்று கோடாரி நகர்ந்தது. பெலீஸ் நாட்டுக் கொடியில் இன்றைக்கும் இரண்டு மரவெட்டிகள் நிற்கிறார்கள், நடுவில் ஒரு மகாகனி மரம். அந்த மேசைகளுக்குப் பின்னாளில் போட்ட மெருகு மட்டும் நம் பக்கத்துச் சரக்கு. அரக்கைச் சாராயத்தில் கரைத்து, பஞ்சைத் துணியில் சுற்றித் தோய்த்து, வட்ட வட்டமாகப் பல நாள் தேய்ப்பது. அதற்கு அவர்கள் பிரெஞ்சு பாலிஷ் என்று பெயர் வைத்துக்கொண்டார்கள்.

1858இல் அந்தமானில் தண்டனைக் குடியேற்றம் அமைத்தபோது அதிகாரிகள் ராஸ் தீவில் குடியேறினார்கள். பங்களா, தேவாலயம், கிளப், டென்னிஸ் ஆட இடம் என்று அந்தச் சின்னத் தீவில் ஓர் இங்கிலாந்து எழும்பியது. இத்தனைக்கும் நடுவே எழுத ஒரு மேசை வேண்டுமல்லவா? எத்தனை கைதிகள், எத்தனை கசையடி, எத்தனை மரம் என்று எழுதுவதற்கு நிறையவே இருந்தது. மேசையின் வடிவம் அவர்கள் தலைக்குள் இருந்தது. மகாகனி இல்லை. கைக்கெட்டும் தூரத்தில் படாக் இருந்தது. செய்து கொடுக்கக் கைதிகள் இருந்தார்கள். பீனிக்ஸ் பே பட்டறைகளில் அவர்களைத் தச்சு வேலைக்கும் விட்டார்கள். எங்கள் மேசை அந்த வழியில் வந்தது என்பது பக்கத்து வீட்டுச் சாச்சாவின் உறுதியான நம்பிக்கை. பின்பலகையில் வெள்ளைப் பெயிண்டில் எழுதியிருந்த அலுவலகச் சாமான் எண்தான் அவர் காட்டும் சாட்சி. அது சர்க்கார் சாமான் என்பதற்கு மேல் அந்த எண் எதையும் சொல்லவில்லை என்பது அப்பாவின் கட்சி. அப்பா அதை ஏலத்தில் எடுத்தவர். ஏதோ ஓர் அலுவலகம் இரும்பு மேசைக்கு மாறியபோது, உதவாத சாமான் என்று எழுதி ஒதுக்கிய குவியலில் அது கிடந்தது.

படாக்கைப் பற்றி மெயின்லேண்டில் இருப்பவர்களுக்கு எப்படிச் சொல்வது? நம் மலைகளின் வேங்கைக்கும், திருப்பதிப் பக்கத்துச் செஞ்சந்தனத்துக்கும் அது உடன்பிறப்பு. மூன்றும் ஒரே பேரினம். சர்க்கரை வியாதிக்காரர்கள் இரவில் தண்ணீர் ஊற்றி வைத்துக் காலையில் குடிக்கிறார்களே, அந்தக் குவளை வேங்கை மரம். படாக் அந்தமானுக்கே உரியது, நிக்கோபாரில் கூடக் காட்டில் வளராது. இன்று தீவுகளின் மாநில மரம் அதுதான். முப்பது, நாற்பது மீட்டர் போகும். அடியில் பலகை பலகையாக வேர்க்கால்கள் விரியும். ஒரு ஆளின் தலைக்கு மேல் எழும்பும் வேர்க்காலை அப்படியே அறுத்து, ஒட்டுப்போடாத ஒற்றைப் பலகையில் சாப்பாட்டு மேசை செய்திருக்கிறார்கள். வைரம் அறுத்த அன்று செக்கச்செவேலென்று இருக்கும், நடுநடுவே கருஞ்சிவப்பில் கோடுகள். கரையான் தொடாது. மரத்தூள் பட்ட சட்டை வெளுக்காது. சாத்தம் மர மில்லில் வேலை பார்த்தவர்கள் வீட்டுத் துணிக்கொடியைப் பார்த்தாலே ஆள் யாரென்று தெரிந்துவிடும்.

வெளிநாட்டிலும் அதற்குக் கிராக்கி இருந்தது. அமெரிக்காவின் புல்மன் ரயில் பெட்டிகளின் உட்புறத்துக்கு அந்தமான் படாக் போயிருக்கிறது. பக்கிங்ஹாம் அரண்மனையின் சுவர்ப்பலகைகள் சாத்தமில் அறுத்தவை என்று மில்லைச் சுற்றிக்காட்டும் வழிகாட்டிகள் ஒருவர் விடாமல் சொல்வார்கள். பள்ளிக்கூட வயதில் அதைக் கேட்கும்போதெல்லாம் நெஞ்சு நிமிரும். இப்போது கேட்டால், ராணி வீட்டுச் சுவருக்குப் போனதில் நமக்கென்ன பெருமை என்று தோன்றுகிறது. எங்கள் வீட்டு மேசைக்கு வந்ததுதான் எனக்குப் பெரிது.

அப்பா சாத்தம் மில்லில் கணக்கு எழுதியவர். பரமக்குடிப் பக்கத்தில் மானம் பார்த்த பூமி. மழை பொய்த்த ஒரு வருஷம் மாமா ஒருவரின் கடிதத்தை நம்பிக் கப்பலேறினார். சாத்தம் ஒரு குட்டித் தீவு, போர்ட் பிளேயரோடு ஒரு பாலம் இணைக்கும். 1883இல் வனத்துறை அங்கே மில் வைத்தது. ஆசியாவின் மிகப் பழைய மர மில்களில் ஒன்று. நடு அந்தமானில் வெட்டிய மரங்களைத் தெப்பமாகக் கட்டி இழுவைப் படகில் கொண்டுவருவார்கள். கடலிலிருந்து ஏற்றும்போது உப்புநீர் சொட்டும் கட்டை, ரம்பத்தைத் தாண்டி அந்தப் பக்கம் போனதும் சிவப்பாகத் திறந்துகொள்ளும். அதைப் பார்ப்பதற்கென்றே அப்பாவுக்குச் சாப்பாட்டுத் தூக்கு கொண்டுபோகும் வேலையை நான் தம்பிக்கு விட்டுக்கொடுத்ததில்லை. 1942இல் ஜப்பானியர் போட்ட குண்டு மில்லுக்குள் ஒரு பெரிய பள்ளத்தை உண்டாக்கியிருந்தது. அதை மூடாமல் நினைவுக்காக வைத்திருந்தார்கள். சாப்பாட்டு வேளையில் அதன் விளிம்பில் உட்கார்ந்து ஆட்கள் பீடி குடிப்பார்கள்.

அங்கே மரத்தின் பெயர்கள்தான் எங்களுக்கு அரிச்சுவடி. குர்ஜன், பாதாம், கோக்கோ, பியின்மா, வெள்ளைச் சுக்லம், பாப்பிட்டா. கறுப்பும் வெளிர்பழுப்புமாக வரி ஓடிய மார்பிள் வுட் மட்டும் அபூர்வம். அதில் கைத்தடியும் தீப்பெட்டி உறையும் செய்து துரைமார்களுக்குப் பரிசளிப்பார்கள். குர்ஜன் ரயில்வே சிலீப்பருக்கும் பிளைவுட்டுக்கும் போகும். பாப்பிட்டா ஹேடோவில் இருந்த விம்கோ தொழிற்சாலைக்குப் போய்த் தீக்குச்சியாகும். அந்தமான் காட்டின் பெரும்பகுதி மேசை நாற்காலியாகவில்லை. ரயில் ஓடுவதற்கும் அடுப்புப் பற்றவைப்பதற்கும்தான் போயிற்று.

மேசை எப்படிச் செய்யப்பட்டது என்பதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் மார்த்தாண்டம் பக்கத்து ஆசாரி ஒருவர். அடி இழுப்பறை ஒன்று உடைந்துபோய் அவரைக் கூப்பிட்டிருந்தார் அப்பா. அவர் எடுத்த எடுப்பில் உளியைத் தொடவில்லை. எல்லா இழுப்பறைகளையும் உருவித் தரையில் வரிசையாக வைத்து, சம்மணம் போட்டு, ஒவ்வொன்றாகத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"இங்க பாரு மக்கா. முன்பலகையும் பக்கப்பலகையும் சேருற இடம். டவ்டெயில். இந்தப் பல்லு நுனியில விரிஞ்சிருக்கா? எத்தன தடவ இழுத்தாலும் முன்பலகை கையோட வராது. ஆனா முன்னால இருந்து பாத்தா பல்லு தெரியுதா?"

தெரியவில்லை. முன்பலகையின் கனத்தில் முக்கால் பங்குக்கு மட்டும் குடைந்து, பற்களை அதற்குள் ஒளித்திருந்தார்கள். பல்லுக்குப் பல் அகலம் கொஞ்சம் மாறியிருந்தது. மிஷினாக இருந்தால் எல்லாம் ஒரே அளவாக இருக்கும் என்றார். பக்கப்பலகையில் ஊசிமுனையால் கிழித்த ஒரு கோடு ஓடியது. வெட்டுவதற்கு முன் தச்சன் போட்ட அடையாளக் கோடு. அழித்திருக்கலாம், அழிக்கவில்லை. இழுப்பறையின் அடிப்பலகை வெள்ளைச் சுக்லம். அதைக் காடிக்குள் செருகியிருந்தார்களே தவிர ஒட்டவில்லை. பெட்டியின் பக்கவாட்டுப் பலகைகளும் அப்படித்தான்; சட்டத்தின் காடிக்குள் சும்மா நின்றன. வருஷத்துக்கு மூவாயிரம் மில்லிமீட்டர் மழை கொட்டும் ஊர். காற்றின் ஈரத்தைக் குடித்து மரம் உப்பும், ஜனவரி பிறந்ததும் சுருங்கும். ஒட்டிப் பிடித்து நிறுத்தினால் ஒரு நாள் வெடித்தே தீரும். நகர இடம் விட்டு வைத்தால் நூறு வருஷம் நிற்கும்.

மேல்பலகையின் விளிம்பில், இழுப்பறைகளைச் சுற்றி, விரல் நகத்தின் பருமனில் ஒரு மணிக்கோடு ஓடும். இங்கிலாந்து மேசைகளில் அதைத் தனியே செய்து ஒட்டுவார்கள். மலிவான மேசையென்றால் பைன் மரத்தின் மேல் மகாகனித் தகட்டை ஒட்டிவிட்டு முழு மரம் என்பார்கள். எங்கள் மேசையில் தகடு எதுவும் இல்லை. கண்ணுக்குத் தெரியாத பின்பலகைகூட முழுப் படாக். லண்டன் தச்சனுக்கு மகாகனி கப்பலேறி வந்த விலைச்சரக்கு. இங்கே படாக்கைச் சிக்கனம் பார்த்துச் செலவழிக்க யாருக்கும் காரணம் இருக்கவில்லை.

"செஞ்சவன் அவசரப்படல்ல சாரே," என்றார் ஆசாரி அப்பாவிடம்.

"ஜெயில்ல இருந்தவனுக்கு என்ன அவசரம்?" என்றார் அப்பா.

ஆசாரி சிரிக்கவில்லை. அன்று சாயங்காலம் அவர் கூலி வாங்கும்போது தான் மாற்றிய பக்கப்பலகையைக் காட்டி, "இதுல என் பல்லு தனியாத் தெரியும், மன்னிக்கணும்," என்றார். தெரியத்தான் செய்தது. எனக்கு அந்த இழுப்பறைதான் பிடித்தமானதாக ஆனது.

கிழக்கு ஜன்னலை ஒட்டி மேசை கிடந்தது. இந்தியா முழுவதற்கும் ஒரே கடிகாரம் என்பதால் அந்தமானில் கோடையில் காலை ஐந்து மணிக்கே வெயில் வந்துவிடும். மார்கழியில் மாலை ஐந்துக்கெல்லாம் இருட்டிவிடும். படிப்பெல்லாம் அதிகாலையில்தான். பள்ளியில் இந்தி, வீட்டில் தமிழ், தெருவில் இரண்டும் வங்காளமும் தெலுங்கும் கலந்த ஒரு பாஷை. மெயின்லேண்டிலிருந்து கப்பல் வந்தால் தபால் வரும். விகடனும் குமுதமும் வரும், பழைய இதழ்களாக. அம்மா அவற்றை மேசையின் வலது மேல் இழுப்பறையில் வரிசைப்படுத்தி வைத்துத் தொடர்கதைகளை ஒரே மூச்சில் படிப்பாள். இடது பக்கம் அப்பாவுடையது. ரேஷன் கார்டு, கப்பல் டிக்கெட் அடிக்கட்டைகள், ஊரில் நிலம் விற்ற பத்திரம். மழைக்காலத்தில் அந்த இழுப்பறைகள் இறுகிக்கொள்ளும். அவசரமாக ரேஷன் கார்டு வேண்டுமென்றால் ஒருவர் மேசையைப் பிடித்துக்கொள்ள இன்னொருவர் இழுக்க வேண்டும். மெழுகுவர்த்தியைச் சறுக்குச் சட்டத்தில் தேய்த்து வைப்பது ஜூன் மாதத்து வேலைகளில் ஒன்று.

மேல்பரப்பின் தோல் எங்களிடம் வருவதற்கு முன்பே போய்விட்டது. அந்த இடத்தில் யாரோ பச்சை ரெக்ஸின் ஒட்டியிருந்தார்கள். ஒரு மழைக்காலத்தில் அதன் ஓரம் பிரிந்துகொண்டபோது நான் உரித்துப் பார்த்தேன். சுற்றிலும் வெயில் குடித்துக் காப்பிக்கொட்டை நிறத்துக்கு வந்துவிட்ட மரம். ரெக்ஸினுக்கு அடியில் மட்டும் மில்லில் அறுத்த அன்றைய சிவப்பு. அம்மா என் காதைத் திருகி, கோதுமைப் பசை காய்ச்சி அதைத் திரும்ப ஒட்டினாள்.

1991இல் அப்பா ஓய்வு பெற்றார். குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். மெட்ராஸுக்குக் கப்பலில் மூன்று நாள். மரச்சாமான் ஏற்ற வேண்டுமென்றால் வனத்துறையின் அனுமதிச்சீட்டு வேண்டும், அதற்கொரு விண்ணப்பம், அளவெடுக்க ஓர் ஆள், சரக்குக் கூலி. வனத்துறையிலேயே காலம் தள்ளிய அப்பா இதையெல்லாம் எளிதாக முடித்திருக்கலாம். அவர் செய்யவில்லை. ஊர் வீட்டின் திண்ணையில் அதை எங்கே போடுவது என்று கேட்டார். கழற்றினால் வாசலில் நுழையும் என்றேன். "நுழையும்மா. அதுக்குப் பிறகு?" என்றார். காரணம் வேறு என்று இப்போது புரிகிறது. முப்பது வருஷம் இருந்த தீவிலிருந்து எல்லாவற்றையும் துடைத்து எடுத்துக்கொண்டு போக அவருக்கு மனம் வரவில்லை. திரும்பி வருவதற்கு ஒரு சாக்கு வேண்டியிருந்தது. மேசை சாச்சா வீட்டுக்குப் போயிற்று. பிறகு வந்து எடுத்துக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டு ஹர்ஷவர்தனா கப்பலில் ஏறினோம். அப்பா திரும்பப் போகவேயில்லை.

சாச்சா 'லோக்கல் பார்ன்'. நாடுகடத்தப்பட்டு வந்த கைதிகள் அங்கேயே மணம் முடித்து உண்டான வம்சத்தை அப்படித்தான் சொல்வோம். தாத்தா எந்த ஊர், என்ன சாதி, என்ன குற்றம் என்று அந்த வீடுகளில் கேட்கும் வழக்கமில்லை. அவருக்கு அந்த மேசை மேல் எங்களைவிட உரிமை அதிகம் என்றுகூட எனக்குத் தோன்றும். 2004 சுனாமிக்குப் பிறகு போன் லைன் கிடைக்காமல் தவித்து, ஒருவழியாகப் பிடித்தபோது, சுவர் விரிசல் விட்டிருக்கிறது, எல்லோரும் உயிரோடு இருக்கிறோம் என்று சொன்ன கையோடு, கேட்காமலேயே, "மேஜ் கோ குச் நஹி ஹுவா," என்றார். மேசைக்கு ஒன்றும் ஆகவில்லையாம்.

சென்னையில் எனக்கு எழுதுவதற்கு ஒரு மேசை இருக்கிறது. மரத்தூளைப் பசையில் அழுத்திய பலகை, மேலே மரம் போல அச்சடித்த தாள். அதன் மேல் எனக்குக் கோபம் இல்லை. தன் வேலையைச் செய்கிறது. ஆனால் காரைக்குடிப் பக்கம் போகும்போதெல்லாம் முனீஸ்வரன் கோயில் தெருவில் பழஞ்சாமான் கடைகளுக்குள் நுழையாமல் வர முடிவதில்லை. செட்டிநாட்டு வீடுகளைப் பிரித்த தூண்கள், பீங்கான், எனாமல் அடுக்குகள் நடுவே எப்போதாவது ஓர் எழுதுமேசை கிடைக்கும். ஒரு முறை அசல் இங்கிலாந்து வடிவத்தில், பித்தளைக் கைப்பிடியோடு ஒன்று இருந்தது.

"ஒரிஜினல் மகாகனிக்கா. துரை வீட்டுச் சாமான்," என்றார் கடைக்காரத் தம்பி.

நான் இழுப்பறையை உருவிக் கவிழ்த்தேன். பொன்பழுப்பு, கைக்கு லேசான பிசுக்கு, பழந்தோல் மாதிரி ஒரு வாசனை. பர்மாத் தேக்கு. நல்ல தேக்கு, நல்ல வேலை.

"தேக்குன்னே சொல்லலாமே தம்பி. அதுக்கென்ன குறைச்சல்?"

"மகாகனின்னாத்தான்க்கா வெளியூர்க்காரங்க நின்னு கேக்குறாங்க."

படாக் இருக்கிறதா என்று கேட்டேன். பெயரைத் திருப்பிச் சொல்லிப் பார்த்துவிட்டு, வந்தால் சொல்கிறேன் என்று என் எண்ணை வாங்கிக்கொண்டார். வராது என்று இருவருக்கும் தெரியும்.

ஏன் வராது என்பதற்குத் தேதி உண்டு. 2001 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அந்தமானில் மரம் வெட்ட இடைக்காலத் தடை போட்டது. ஷேகர் சிங் என்பவரை ஆணையராக அனுப்பி அறிக்கை வாங்கி, 2002 மே 7ஆம் தேதி விரிவாக உத்தரவிட்டது. தீவுவாசிகளின் சொந்தத் தேவைக்குத் தவிர வெட்டக் கூடாது, தீவுக்கு வெளியே மரம் போகக் கூடாது. பாம்பூ பிளாட்டின் பிளைவுட் தொழிற்சாலை போன்றவை மூடிப்போயின. அப்பாவோடு வேலை பார்த்தவர்களின் பிள்ளைகள் சிலர் வேலையிழந்து போனில் அழுதார்கள்.

தடை சரி. அதில் எனக்கு இரண்டு மனம் இல்லை. அப்பா எழுதிய கணக்குப் புத்தகங்களில் கன அடியாகப் பதிவானது ஜாரவாப் பழங்குடியினரின் காட்டை ஒட்டியும் உள்ளே புகுந்தும் வெட்டிய மரம். 1858க்கு முன் ஆயிரக்கணக்கில் இருந்த பெரிய அந்தமானியர் இன்று சில பத்துப் பேர். மேசையின் பற்கள் எவ்வளவு அழகாகக் கோத்திருந்தாலும் அந்தக் கணக்கு நேராகாது. ஜமைக்காவின் மகாகனிக்கும் இதே கதைதான்; ஏலக் கூடங்களில் அந்த மேசைகளுக்குத் தரும் விலையில் மரம் வெட்டியவனின் பங்கு என்று ஏதும் இல்லை. இன்று பெரிய இலை மகாகனியே சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டில் இருக்கிறது. அதே மரத்தைத் தமிழ்நாட்டு வயல் வரப்புகளில் நட்டுப் பத்து வருஷத்தில் லட்சாதிபதி ஆகலாம் என்று சுவரெங்கும் எழுதிப்போட்டிருக்கிறார்கள். பத்து வருஷத்து மரத்தில் வைரம் எங்கே இருக்கும் என்று அந்த ஆசாரியைத்தான் கேட்க வேண்டும்.

இதெல்லாம் தெரிந்தும் அந்த மேசை வேண்டும் என்றிருக்கிறது. இன்னொன்று வேண்டாம், செய்யவும் கூடாது. அதே ஒன்றுதான் வேண்டும். வலது மேல் இழுப்பறையில் அம்மாவின் குமுதங்கள், அடியில் ஆசாரியின் மாறுபட்ட பல், ஜூன் மாதத்து மெழுகு. ஊர் ஏக்கம் என்று பொதுவாகச் சொல்வார்கள். கடலும் தென்னையும் எனக்கு ராமேஸ்வரத்திலேயே கிடைத்துவிடுகின்றன. இறுகிப்போன இழுப்பறையை இழுக்கும்போது தோளில் ஏறும் அந்த வலி மட்டும் வேறெங்கும் கிடைக்கவில்லை.

சாச்சா காலமான பிறகு மேசையில் உட்காருவது அவர் பேரன். ஏதோ நுழைவுத் தேர்வுக்குப் படிக்கிறான். போன வருஷம் ஒரு நாள் அவனிடமிருந்து போன்.

"புவா, ஒரு பர்மிஷன் வேணும். லேப்டாப் சார்ஜர் வயர் விழுந்து விழுந்து தடுக்குது. மேல ஒரு ஓட்டை போட்டு வயரை இறக்கிடலாம்னு மிஸ்திரி சொல்றாரு."

அவன் வீட்டில் இருக்கும் மேசைக்கு என்னிடம் அனுமதி கேட்கிறான். சந்தோஷப்படுவதா பதறுவதா என்று தெரியாமல், மேல்பலகையில் மட்டும் கை வைக்காதே என்றேன். மேல்பலகை ஒரே அகலப் பலகை. அப்படி ஒன்றை இனி யாரும் அறுக்கப் போவதில்லை. அப்படியானால் பின்பலகையில் போடவா என்றான். அதிலும் வேண்டாம், அது காடிக்குள் நகரும் பலகை, மழைக்கு உப்பும்போது ஓட்டையிலிருந்து கீறல் விடும் என்றேன். நான்கு பக்கமும் ஓடும் சட்டத்தில், வலது கீழ் மூலையிலிருந்து ஒரு கை தள்ளி, மூலை இணைப்பின் நாக்கு முடியும் இடத்துக்கு அப்பால் போடச் சொன்னேன். எவ்வளவு பெரிசு என்று கேட்டான். வயர் போகிற அளவு என்றேன்.

"வயர் போதாது புவா. பிளக்கே நுழையணும். மூணு பின்."

"பிளக்கைக் கழட்டிட்டு வயரை விட்டு, அந்தப் பக்கம் திரும்ப மாட்டச் சொல்லு."

"இது கழட்ட முடியாத பிளக். ஒரே வார்ப்பு."

மிஸ்திரியை லைனில் வரச் சொன்னேன். வந்தார். சட்டத்தின் கனம் எத்தனை, அகலம் எத்தனை என்று அளந்து சொன்னார். ஓட்டையே வேண்டாம், சட்டத்தின் அடி விளிம்பில் அரைவட்டமாக ஒரு வாய் வெட்டினால் பிளக் அடிவழியாகப் போய்விடும், மரமும் பிழைக்கும் என்று அவரே சொன்னார். அவர் சொன்னதுதான் சரி. படாக் தூள் மூக்கில் ஏறினால் தும்மல் நிற்காது, முகத்தில் துணி கட்டிக்கொள்ளுங்கள் என்றேன்.

"மாலூம் ஹை, தீதி," என்றார் அவர். "நானும் சாத்தம்காரன்தான்."